தராசு அவனுக்கு, படிக்கல் எனக்கு

யுத்த காலம். அப்பா விட்டுப்போன தூத்துக்குடி கருப்பட்டிக் கடையை நானும் தம்பியும் நடுவே பலகை அடித்துப் பிரித்துக்கொண்டோம். விட்டுக்கொடுக்க மனமில்லை. தராசை அவன் எடுத்துக்கொண்டான்; இரும்புப் படிக்கற்களை நான் எடுத்துக்கொண்டேன். புதிதாக வாங்கலாமென்றால் இரும்புச் சாமான் எங்கும் கிடைக்கவில்லை.

மறுநாள் இரண்டு பக்கமும் வியாபாரமில்லை. சாயங்காலம் கைப்பிள்ளையோடு வந்த ஒருத்தி அலுத்துக்கொண்டாள்: "தராசு அங்கன கெடக்கு, கல்லு இங்கன கெடக்கு. நான் யார்ட்ட கருப்பட்டி வாங்க, அண்ணாச்சி?"

பலகைக்கு மேலே தம்பியின் கை மட்டும் தராசோடு நீண்டது.

"அண்ணே, கல்ல வை."

வைத்தேன். முள் நேராக நிற்கும்வரை அவன் தராசைப் பிடித்தே இருந்தான். இருவருக்குமே சண்டை போடத் தெம்பில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

யுத்தம் முடிந்து கடைத்தெருவுக்கு இரும்பு வந்தது. நான் தராசு வாங்கவில்லை. அவனும் கல் வாங்கவில்லை.