நூற்றிருபது வயது ஜோன்

எங்கள் சம்பந்தி வெள்ளைக்காரர். அவருடைய எழுபதாவது பிறந்தநாளுக்காக, அறுநூறு வருடங்களுக்கு முன் இங்கிலாந்தில் காணிபூமியோடு வாழ்ந்த அவரது முன்னோரின் வம்சாவளியை வரைய ஒப்புக்கொண்டேன். நாங்கள் குடியேறியிருக்கும் மனுரேவாவில் வேலை முடிந்து வந்து, மாதக்கணக்கில் பழைய உயில்களின் பிரதிகளைப் பார்த்துக் கண் பூத்துவிட்டது. அச்சுக்குக் கொடுக்கப் போன அன்று கணவர் கேட்டார்:

"என்னப்பா, இந்த ஜோன் நூற்றிருபது வயசிலை பிள்ளை பெத்திருக்கிறார்?"

"ஒரே பேர், ஒரே வீடு. ஒரே ஆள்தானே?"

"அவையள் தகப்பன்ரை பேரை மகனுக்கும் வைப்பினம்."

நம்மவர் போல் பேரனுக்குத்தான் வைப்பார்கள், தகப்பனும் மகனும் ஒரே பேரில் இருக்கமாட்டார்கள் என்று நினைத்து, மூன்று தலைமுறையை ஒருவராக்கியிருந்தேன். சம்பந்தி வீட்டில் மானம் போயிருக்கும். முழுவதையும் திரும்ப வரைந்தேன்.

இப்போதெல்லாம் ஒரு ஜோனை அடக்கம் செய்துவிட்டுத்தான் அடுத்த ஜோனைத் தொடுகிறேன்.