சாம்பிராணி குடித்த லெப்டொப்

எங்கள் வீட்டு லெப்டொப்புக்கு ஒரு கெட்ட பழக்கம். நல்ல பேச்சு வரும் நேரம் பார்த்து அணைந்துவிடும். முதலில் உள்ளே இருக்கும் காற்றாடி உறுமும். அடுத்து அடிப்பக்கம் கை வைக்க முடியாமல் சுடும். அப்புறம் சொல்லாமல் கொள்ளாமல் திரை இருண்டு, அதில் என் முகம் மட்டும் தெரியும். அந்த மூஞ்சியைப் பார்க்கவா நான் வெள்ளிக்கிழமைச் சவாரியை எல்லாம் விட்டுவிட்டு யட்டவத்தை டவுனிலிருந்து ஆட்டோவை விரட்டிக்கொண்டு வருகிறேன்?

என் மனைவி குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் அவளுக்குக் கொஞ்சம் ஓய்வு. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இருப்பது பாதி கட்டிய இந்த வீடு ஒன்றுதான். அதைக் கட்டி முடிக்கத்தான் அவள் போனாள். போன புதிதில் போனில்தான் முகம் பார்த்துப் பேசினோம். அது அவளுக்குப் போதவில்லை.

"போன்ல உங்க மூக்கும் மீசையும்தான் தெரியுது. அதை நான் போதுமான மட்டும் பார்த்தாச்சு. எனக்கு வீடு தெரியணும்" என்றாள். அதற்காகத்தான் மாத்தளையில் இந்தப் பழைய லெப்டொப்பை வாங்கினேன். மேசைமேல் வைத்துத் திறந்தால் அடுப்பங்கரை, பூச்சு வேலை நின்றுபோன சுவர், சாமிப் படம், வாசலுக்கு வெளியே மரத்தில் ஏறியிருக்கும் மிளகுக்கொடி எல்லாம் அவளுக்குத் தெரியும். அவள் அங்கே தட்டை மடியில் வைத்துக்கொள்வாள், நான் இங்கே. வாரத்தில் அந்த ஒரு வேளைதான் நான் வாய்க்கு ருசியாகச் சாப்பிட்டேன். சமைத்தது நானே என்றாலும்.

அவளுடைய இரண்டு வருட ஒப்பந்தம் முடியப் போகிறது. வருவாளா, இன்னும் இரண்டு வருடத்துக்கு எழுதிக் கொடுப்பாளா என்பதைப் பேசி முடிவெடுக்க வேண்டும். நான் சொல்ல வேண்டியது ஒரே ஒரு சொல்: வந்திரு. ஆனால் எனக்குக் கோபம் மூக்கு நுனியில்.

"பின்னால இருக்கிற சட்டி ஏன் இப்படிக் கரி பிடிச்சுக் கிடக்கு?" என்று அவள் கேட்பாள்.

"சட்டின்னா கரி பிடிக்கத்தான் செய்யும். நீ வந்து தேயேன்" என்பேன்.

சட்டியில் தொடங்கிய சண்டை என் அக்கா வீட்டுக் கல்யாணம் வரை போய்த் திரும்பும். கடைசியில் அவள் குரல் தணியும். "சரி, விடுங்க. உங்ககிட்ட ஒரு விசயம் சொல்லணும்" என்பாள். "எனக்கும்தான்" என்பேன். டப்பென்று இருட்டு. மறுபடி உயிர் கொடுத்து எடுக்கும்போது அவளுடைய மேடம் கூப்பிட்டிருப்பாள். போனில் கேட்டால், "இதை வீட்டைப் பார்த்துக்கிட்டுத்தான் சொல்லணும். அடுத்த வெள்ளி பார்ப்போம்" என்று வைத்துவிடுவாள். வெள்ளிக்கு வெள்ளி இதே கூத்து.

எனக்குத் தெரிந்த வைத்தியமெல்லாம் செய்து பார்த்தேன். பேட்டரி செத்த லெப்டொப் என்பதால் வயரில் கண்ணிமைக்கிற நேரம் மின்சாரம் நின்றாலும் போச்சு. சார்ஜர் பிளக்குக்கு இரண்டு ஊசி, சுவரில் மூன்று ஓட்டை. எங்கள் பக்கத்தில் இதற்கெல்லாம் யாரும் கடைக்குப் போவதில்லை. மேல் ஓட்டையில் பேனாவைக் குத்தி, கீழே இரண்டு ஊசியையும் திணித்தால் வேலை முடிந்தது. அப்படித் திணித்துத் திணித்து ஓட்டை தொளதொளத்துப் போய், கதவை அறைந்து சாத்தினால் பிளக் இளகியது. அதற்கு அடியில் ஸ்டூல் போட்டு, ஸ்டூல்மேல் பால்மா இருந்த தகரப் பேணியை வைத்து முட்டுக் கொடுத்தேன். சூட்டுக்கு, மேசைக்கும் மெஷினுக்கும் நடுவில் மெத்தென்று துவாயை மடித்து வைத்தேன். போதாதென்று சுளகை எடுத்து வீசினேன்.

"யாருக்கு வீசுறீங்க? எனக்கா, அதுக்கா?" என்று அவள் சிரித்தாள்.

அவள் அப்படிச் சிரிக்கும்போது பக்கத்தில் இல்லையே என்று எனக்கு நெஞ்சை அடைக்கும். அடைக்கிறது என்று சொல்லத் தெரியாமல், "வாயை மூடு, இங்க மெஷின் வேகுது" என்பேன்.

ஒரு வேலையை மட்டும் நான் சண்டை இல்லாமல் செய்தேன். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடுவது அவளுடைய வேலையாக இருந்தது. போன இடத்தில் ஒரு ஊதுபத்தி கொளுத்தவும் வழியில்லை. அதனால் பேச்சைத் தொடங்கும் முன்பு நான் தூபக்காலில் சிரட்டைக்கரி போட்டு, சாம்பிராணியைத் தூவி, திரைக்கு முன்னால் பிடிப்பேன். "இன்னும் கிட்ட கொண்டாங்க" என்பாள். மெஷினை ஒட்டியே வைத்துவிடுவேன். புகை திரையை மூட, அந்தப் பக்கம் அவள் கண்ணை மூடிக் கும்பிடுவாள். அந்த நேரம் அவள் வீட்டில் இருப்பதாகவே எனக்குத் தோன்றும். சரஸ்வதி பூசைக்கு அவள் சொன்னபடி லெப்டொப்புக்குச் சந்தனம் பூசி, குங்குமமும் வைத்தேன். விளிம்பில் வரிசையாகச் சின்னச் சின்ன ஓட்டைகள் இருந்தன. பொட்டு வைக்க வாகான இடம்.

கடைசியில் மாத்தளை டவுனில் லெப்டொப் திருத்தும் முஸ்லிம் நானாவிடம் கொண்டுபோனேன். அவர் அடிமூடியைக் கழற்றி, உள்ளே பார்த்து, குனிந்து மோந்தும் பார்த்தார்.

"என்ன அண்ணே, இது லெப்டொப்பா, கோயிலா? சாம்பிராணி வாசம் வருது" என்று சிரித்தார்.

காற்றாடி இதழ்களில் பழுப்பாகப் பிசின் ஒட்டியிருந்தது. காற்று போகிற ஓட்டைகளைக் காய்ந்த சந்தனம் அடைத்திருந்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. யாருக்காகப் புகை போட்டேன் என்று சொன்னேன். அவர் சிரிப்பதை நிறுத்தினார்.

"காத்து உறிஞ்சுற மெஷின் அண்ணே இது. கிட்ட என்ன இருக்கோ அதைத்தான் குடிக்கும். புகையத் தூர வெச்சுக் காட்டுங்க. துவாயையும் எடுத்திருங்க, அது இதுக்கு மூச்சை அடைக்குது."

துடைத்து, சூடு கடத்தும் பசையை மாற்றி, புது பேட்டரியும் மூன்று ஊசி வயரும் போட்டுக் கொடுத்தார். திரும்பி வரும் வழியெல்லாம் ஆட்டோவில் தனியாக, "வந்திரு, வந்திரு" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டேன். மிரட்டுகிற மாதிரியே வந்தது. மெதுவாகச் சொல்லிப் பழகினேன்.

அந்த வெள்ளிக்கிழமை தூபக்காலை வாசற்படியில் வைத்தேன். "ஏன் அவ்வளவு தூரம்?" என்று கேட்டாள். காரணத்தைச் சொன்னதும், "அப்ப இத்தனை நாளா நான்தான் அதைக் கெடுத்தேனா" என்று தூரத்தில் எழும் புகையைப் பார்த்துக் கும்பிட்டாள். சாப்பிட்டோம். சட்டிச் சண்டையும் வந்தது, போனது. மெஷின் அணையவில்லை. இரண்டு பேரும் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். அப்படி இருந்து எவ்வளவு காலமாயிற்று!

"என்னமோ சொல்லணும்னியே" என்றேன்.

"நீங்க முதல்ல சொல்லுங்க."

"வந்திரு."

நன்றாகத்தான் சொன்னேன். அவள் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

"போன மாசமே கையெழுத்துப் போட்டுட்டேன். சொல்ல வர்ற நேரமெல்லாம் நின்னு நின்னு போச்சு. சுவர் பூசாம, மிச்சக் கூரைக்குச் சீட்டுப் போடாம பாதியில வந்து என்ன செய்ய? வந்தாலும் திரும்பப் போகத்தானே வேணும்."

எனக்கு வரவேண்டிய கோபம் வரவில்லை. தேடிப் பார்த்தேன், இல்லை.

"எனக்கு வீடு வேணாம்" என்றேன்.

"எனக்கு வேணும்" என்றாள்.

அந்தப் பக்கம் மேடம் கூப்பிடும் சத்தம் கேட்டது. எங்களுக்குப் பேச்சை முடித்துப் பழக்கமில்லை. எப்போதும் மெஷின்தானே முடித்துவைத்தது. அவள் போனை எதிலோ சாய்த்து வைத்துவிட்டு எழுந்து ஓடினாள். அவள் முகம் விலகியதும் திரை முழுக்க அவள் இருக்கும் அறை தெரிந்தது. அதை நான் அதுவரை பார்த்ததில்லை. எப்போதும் போனை முகத்தோடு ஒட்டியே வைத்திருப்பாள்.

வாஷிங் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு கட்டில். காலை மடக்கினால்தான் படுக்கலாம். தலைமாட்டில் தண்ணீர்ப் போத்தல் பெட்டிகள் கூரை வரை அடுக்கியிருந்தன. ஜன்னல் இல்லை. இங்கே வாசல், மரம், கொடி என்று எல்லாவற்றையும் அவளுக்குத் திருப்பித் திருப்பிக் காட்டியிருக்கிறேன். அவள் இருக்கும் இடம் எப்படி என்று ஒரு நாள்கூடக் கேட்கத் தோன்றவில்லையே எனக்கு. இன்னும் இரண்டு வருடம் அவள் தூங்கப்போவது அங்கேதான்.

அழுக்குத்துணிக் கூடையோடு திரும்பி வந்தவள் போன் திரை இன்னும் அணையாமல் இருப்பதைக் கண்டு அப்படியே நின்றாள். நான் பார்த்துவிட்டேன் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. போனை எடுத்து மறைக்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்து துணிகளைப் பிரித்து வாஷிங் மெஷினில் போட ஆரம்பித்தாள்.

"இன்னும் வைக்கலையா நீங்க?" என்றாள்.

"இல்ல" என்றேன். "நீ வேலையைப் பாரு. நான் இங்கதான் இருக்கேன்."