அன்ரனெற் அக்காவின் லவ்

என் அக்கா அன்ரனெற்றுக்கு இங்கிலீஷ் படிப்பித்தது ஓர் ஆடுகிற சுவர். சிரிக்க விரும்புகிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். நான் சொல்லத் தொடங்கினால் இடையில் நிற்கமாட்டேன்.

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு. கனடாவில், ஸ்காபரோவின் மோர்னிங்சைட்டில் பதினோராம் மாடியில் ஒற்றை அறை அப்பார்ட்மென்ற். அறையில் அக்காவும் அவளுடைய கணவர் வின்சன்ற் அத்தானும். ஹோலில் சோபாவில் கிறிஸ்ரினாவாகிய நான். அத்தானுக்குப் பின்னேர வேலை. மூன்று மணிக்கு வீட்டை விட்டு வெளிக்கிட்டு விடுவார். ஆகவே ஏழு மணிக்கு ரீவி எங்கள் இரண்டு பேருக்கும்தான் சொந்தம். அந்த நேரத்தில் ஓர் இங்கிலாந்து நாடகம் போகும். என்றைக்கும் மழை பெய்கிற ஓர் ஊர், அதில் ஒரு தங்கு விடுதி, அதை நடத்துகிற ஒரு தடித்த அம்மா. வருகிறவர்கள் வருவார்கள், சண்டை பிடிப்பார்கள், கட்டிப்பிடித்து அழுவார்கள், போவார்கள். இதையே இருபது முப்பது வருடமாகக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

அதன் உண்மைப் பெயரை நாங்கள் சொல்வதேயில்லை. எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் ‘ஆட்டச்சுவர்’. யாராவது கதவைச் சாத்தினால் போதும், முழுச் சுவரும் ஆடும். சுவரில் தொங்குகிற கப்பல் படமும் கூடச் சேர்ந்து ஆடும். ரெலிபோன் அடிக்கும். அந்த அம்மா எடுத்து ஹலோ சொன்ன பிறகும் அது தன் பாட்டில் அடித்துக்கொண்டே இருக்கும். நடிக்கிறவர்கள் வசனத்தை மறந்து ஆளை ஆள் பார்ப்பார்கள். ஒருநாள் செத்தவீட்டுக் காட்சியில் பெட்டிக்குள் கிடந்தவர் தும்மிவிட்டார். அதைக்கூட வெட்டாமல் காட்டினார்கள். நானும் அக்காவும் சோபாவில் இருந்து கீழே விழுந்து சிரித்தோம். கீழ்வீட்டுக்காரர் தும்புத்தடியால் எங்கள் நிலத்தை இடித்தார். கனடாவுக்கு வந்து வயிறு நோகச் சிரித்தது அன்றைக்குத்தான்.

உலகமே அந்த நாடகத்தைப் பகிடி பண்ணியது. நான் வேலை செய்த தையல் கொம்பனியில் ஒரு வெள்ளைக்காரி, கட்டிலால் எழும்பி ரீவியை நிற்பாட்ட முடியாத நோயாளிகள்தான் அதைப் பார்ப்பார்கள் என்றாள். லீவு நாட்களில் வீட்டில் நிற்கும் அத்தான் ‘குப்பை’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார். முடிக்கட்டும். எங்களுக்கு அது பிடித்திருந்தது. மழை, கதவு, சுவர், கப்பல், எல்லாமே பிடித்திருந்தது. அதற்கு ஒருவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

அக்காவுக்குப் பிடித்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. ஊரில் அவள் தபால் கந்தோரில் ரெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை செய்தவள். ஊர்காவற்றுறையில் முகம் தெரியாதவர்களுக்குக்கூட அவளுடைய குரலைத் தெரியும். இங்கே வந்து ஆறு வருடம் காளானைப் பெட்டியில் அடைத்தாள். எட்டு மணித்தியாலமும் மெஷின் சத்தம். ஒருவரோடும் ஒரு சொல் கதைக்கத் தேவையில்லை. “கிறிஸ்ரி, என்ர வாய் துருப்பிடிச்சுப் போச்சடி” என்று ஒருநாள் சமைத்துக்கொண்டிருக்கும்போது சொல்லி அழுதாள். அக்கா அழுது நான் அதற்கு முன்பு கண்டதில்லை. வாயால் செய்கிற ஒரு வேலை வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது.

ஆகவே விடுதி அம்மா ரெலிபோன் எடுக்கும்போதெல்லாம் அக்காவும் எடுப்பாள். கையில் ரிமோட் இருக்கும், அதைக் காதில் வைத்துக்கொள்வாள். அந்த அம்மா சொன்னதை அப்படியே சொல்லுவாள். குட் ஈவினிங், லவ். ஹோல்ட் ஒன், லவ். அந்த அம்மாவுக்கு எல்லோருமே லவ்தான். தபால்காரனும் லவ், பொலிஸ்காரனும் லவ், சுவாமியாரும் லவ், பூனையும் லவ். இதென்ன வெட்கம் கெட்ட மனிசி என்று நான் கேட்டேன். நமக்கெல்லாம் லவ் என்றால் பள்ளிக்கூட மதிலுக்குப் பின்னால் நடக்கிற விஷயம் அல்லவா? அக்கா எனக்கு விளங்கப்படுத்தினாள்.

“உது எங்கட ‘ராசா’ மாதிரியடி. கடைக்காரர் ‘என்ன ராசா வேணும்’ எண்டு கேக்கிறேல்லையே? அதுதான் உது.”

இரண்டு வருடம் கழித்து, ஒரு முதியோர் இல்லத்தில் முன்மேசைக்கு ஆள் தேவை என்று விளம்பரம் வந்தது. ரெலிபோன் எடுக்க வேண்டும், வருகிறவர்களை விசாரிக்க வேண்டும். அக்கா போனாள். நேர்முகத்தில் அவள் வாயைத் திறந்ததும் மனேச்சர் அம்மா நிமிர்ந்து பார்த்து, இங்கிலாந்தில் எந்த ஊரில் இருந்தாய் என்று கேட்டாளாம். இங்கிலாந்தைக் கண்ணாலும் கண்டதில்லை, ரீவியில்தான் என்று அக்கா உள்ளதைச் சொன்னாள். மனேச்சர் அம்மா சிரித்துவிட்டு, மூன்று மாதம் பார்ப்போம், சரிவந்தால் நிரந்தரம், வராவிட்டால் போகவேண்டியதுதான் என்றாள்.

அந்த இல்லத்தில் இருந்தவர்களில் பாதிப் பேர் இங்கிலாந்தில் பிறந்து இளவயதில் கனடாவுக்கு வந்தவர்கள். அம்பது வருடமாக ஒருவரும் அவர்களை லவ் என்று கூப்பிட்டிருக்கமாட்டார்கள். அக்கா கூப்பிட்டாள். அதுகள் விடுமா? காலையில் குளித்து, தலை இழுத்து, தங்கள் அறையிலிருந்தே முன்மேசைக்கு ரெலிபோன் அடிக்கத் தொடங்கிவிட்டார்கள். இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்பார்கள். வெளியே மழையா என்று கேட்பார்கள். பக்கத்திலேயே ஜன்னல் இருக்கும். அக்கா தொண்டை கட்டி வீட்டுக்கு வந்து, தொண்டை கட்டிவிட்டது என்று பெருமையாகச் சொல்வாள். ஆறு வருடத்துக்குப் பிறகு என் அக்கா எனக்குத் திரும்பக் கிடைத்தாள்.

எல்லாம் நல்லாத்தான் போனது. அன்புராசா என்று ஒரு மனிதர் நடுவில் வந்தார்.

அத்தானுக்குத் தெரிந்தவர். பேக்கரியிலிருந்து ரொட்டி ஏற்றி இறக்குகிற பாண் வான் ஓட்டுகிறவர். இல்லத்துக்குப் பாண் இறக்க எந்த வாசலால் வரவேண்டும் என்று கேட்க ரெலிபோன் எடுத்திருக்கிறார். ஹோல்ட் ஒன், லவ் என்றது ஒரு குரல். யார் கதைக்கிறது என்று கேட்டால், அன்ரனெற் என்றது. மனிதர் பாணை இறக்கினாரோ தெரியாது, கதையைக் கொண்டுவந்து ஞாயிற்றுக்கிழமை சேர்ச்சில் தமிழ்ப் பூசை முடிந்து கோப்பி குடிக்கிற இடத்தில் இறக்கிவிட்டார். வின்சன்ற், உம்மட மனிசி எனக்கு லவ் சொல்லுறா என்றாராம். கோப்பி ஆறுவதற்குள் அது, ஸ்காபரோவில் வான் ஓட்டுகிற எல்லோருக்கும் அன்ரனெற் லவ் சொல்கிறாள் என்று வளர்ந்துவிட்டது.

அத்தான் வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றாமலே நின்றுகொண்டு சொன்னார்.

“அந்தச் சொல்லு இனி உம்மட வாயிலை வரக்கூடாது. வந்தால் நீர் வேலைக்குப் போகத் தேவையில்லை.”

அக்கா ராசா விளக்கத்தைச் சொல்லிப் பார்த்தாள். ராசா வேறு, லவ் வேறு என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. நான் நடுவில் புகுந்து, ஊரில் மீன்காரி உங்களை ராசா, ராசா என்றுதானே கூப்பிட்டாள், நீங்கள் அவளுக்குத் தாலி கட்டவா போனீர்கள் என்று கேட்டேன். உன் வாயை மூடு என்றார். நான் வாயை மூடுகிற ஆளா? அடுத்த ஞாயிறு அன்புராசாவைக் கோப்பிக் கேத்திலுக்குப் பக்கத்தில் வைத்துப் பிடித்தேன்.

“அண்ணை, ஊரெல்லாம் உங்களை ‘அன்பு, அன்பு’ எண்டுதானே கூப்பிடுகினம்? அக்கா அதை இங்கிலீசிலை சொல்லிப்போட்டா. அதிலை உங்களுக்கு எங்கை நோகுது?”

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். மனிதர் கோப்பியையும் வைத்துவிட்டு தன் பாண் வானை நோக்கி நடந்தார். எனக்கு அன்று முழுவதும் நல்ல சந்தோஷம்.

ஆனால் அக்கா அடங்கிவிட்டாள். அதுதான் எனக்கு விசர் வந்த இடம். வேலையை விடச்சொன்னால் என்ன செய்வது என்ற பயத்தில் அவள் அந்தச் சொல்லை விழுங்கினாள். திங்கட்கிழமையிலிருந்து சேர், மெடம். குட் மோர்னிங் சேர். பிளீஸ் வெயிட் மெடம். ஒரு கிழமை போனது. அறைகளிலிருந்து வருகிற ரெலிபோன் குறைந்தது. ஒரு அம்மா நடை வண்டியைத் தள்ளிக்கொண்டு முன்மேசை வரைக்கும் வந்து, நான் உனக்கு என்ன பிழை செய்தேன் என்று கேட்டு அழுதாளாம். இன்னும் சிலர் மனேச்சரிடம் போய், அந்தப் பிள்ளை எங்களோடு கோபமாக இருக்கிறாள் என்று முறையிட்டார்கள்.

மனேச்சர் அம்மா அக்காவைக் கூப்பிட்டாள். வெள்ளிக்கிழமையோடு மூன்று மாதம் முடிகிறது, உனக்கு இங்கே சந்தோஷம் இல்லையென்றால் நான் வேறு ஆள் பார்க்கிறேன் என்று நல்ல மாதிரியாகவே சொன்னாள். அக்கா வீட்டுக்கு வந்து உடுப்பு மாற்றாமல் கட்டிலில் இருந்தாள். லவ் சொன்னால் வீட்டால் வேலை போகிறது, சொல்லாவிட்டால் அங்கே போகிறது என்றாள். காளான் கொம்பனியில் திரும்ப எடுப்பார்களா என்று விசாரிக்கச் சொன்னாள். நான் விசாரிக்கமாட்டேன் என்று கத்தினேன்.

புதன்கிழமை மத்தியானம். எனக்கு அன்று வேலை இல்லை. அத்தான் வேலைக்குப் போக முன்பு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் நிம்மதியாகச் சோற்றைக் குழைக்கிறதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. இல்லத்தின் நம்பரைச் சுழற்றி, ரிசீவரை அவருடைய காதில் கொண்டுபோய் வைத்தேன்.

“உங்கட மனிசி என்ன சொல்லுறா எண்டு உங்கட காதாலை கேளுங்கோ. பிறகு தீர்ப்புச் சொல்லுங்கோ.”

தள்ளிவிடப் பார்த்தார். ஒரு கையில் சோறு. அதற்குள் அங்கே எடுத்துவிட்டாள். நானும் காதை ஒட்டி வைத்துக்கொண்டு நின்றேன்.

குட் ஆஃப்ரனூன், சேர் ஓர் மெடம் என்றது அக்காவின் குரல். கட்டையாக, அரசாங்கக் கடிதம் வாசிக்கிறதுபோல் இருந்தது. அத்தான் பேசவில்லை. வாய்க்குள் சோறு, என்ன சொல்வதென்றும் தெரியவில்லை. மூச்சு மட்டும் போய்க்கொண்டிருந்தது. ஹலோ என்றாள். இவர் மூச்சு விட்டார். அறையில் யாரோ ஒரு கிழவருக்கு வாய் இழுத்துவிட்டது, சொல் வரவில்லை என்று அக்கா நினைத்துவிட்டாள். குரல் அப்படியே மாறியது. ஊர்காவற்றுறை முழுவதும் கேட்ட அந்தப் பழைய குரலாக மாறியது.

“டோன்ற் வொறி, லவ். டேக் யுவர் ரைம். ஐ ஆம் ஹியர், லவ்.”

அத்தான் சோற்றுக் கையை மடித்துக்கொண்டு அப்படியே இருந்தார். கலியாணம் முடித்துப் பதினான்கு வருடம். இந்த மனிதரிடம் யாரும் இவ்வளவு பொறுமையாகக் கதைத்திருக்கமாட்டார்கள். அவரும் யாரிடமும் அப்படிக் கதைத்ததில்லை. கண் கலங்கிவிட்டது. நான் கண்டேன், பொய் சொல்லமாட்டேன்.

“அன்ரனெற், நான்தான்” என்றார்.

அந்தப் பக்கத்தில் கதிரை இழுபடுகிற சத்தம். என்னப்பா, யாருக்கு என்ன நடந்தது என்று அக்கா பதறினாள்.

“ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை. நீர் சொல்லும். எல்லாருக்கும் சொல்லும். நான் இனி ஒண்டும் கதைக்கமாட்டன்.”

கதிரை திரும்ப இழுபட்டது. பிறகு அக்கா சொன்னாள்.

“சரி. வேலை நேரத்திலை சும்மா ரெலிபோன் எடுக்காதேங்கோ, லவ்.”

வைத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை வேலை நிரந்தரமானது. திங்கட்கிழமை மத்தியானம் அத்தான் அந்த நம்பருக்குத் தானாகவே அடித்தார். உப்புப் போத்தல் எங்கே இருக்கிறது என்று கேட்டார். உப்புப் போத்தல் அவருடைய சோற்றுக் கோப்பைக்குப் பக்கத்தில் இருந்தது.