கராஜில் நேர், வீட்டில் கோணல்

மகள் கைக்குழந்தையோடு வந்து நிற்கிறாள். போன கிழமை பிள்ளையைக் குளிப்பாட்டித் துடைத்துப் பவுடர் போட்டாள். அந்த வாசம் மூக்கில் ஏறியதுமே என் ஆட்காட்டி விரல் தானாக மடங்கிச் சுண்டத் தொடங்கிவிட்டது. "அப்பா, விரலுக்கு என்ன?" என்று கேட்டாள். குழந்தைப் பவுடர் மணத்தால் மற்றவர்களுக்குக் குழந்தைகளின் ஞாபகம் வருமாக்கும். எனக்கு வருவது காய் சுண்டி விளையாடும் கரம் பலகை. அதோடு ஒட்டிக்கொண்டு லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் அந்த நாளில் எங்கள் பக்கத்து வீட்டுச் சூசை அண்ணையின் கராஜும், ஒரு மார்கழிக் குளிரும், இரண்டு சகோதரர்களின் மூஞ்சித் தூக்கலும் வந்துவிடும். கரம் பலகைக்குப் போரிக் பவுடர்தான் போட வேண்டும். அதைத் தேடித் திரியப் பஞ்சிப்பட்டு நாங்கள் குழந்தைப் பவுடரைத்தான் கொட்டி விளையாடினோம்.

சூசை அண்ணை மன்னார்க்காரர், லண்டனில் பஸ் ஓட்டினார். கை வேலையில் பெரிய நம்பிக்கை உள்ளவர். நம்பிக்கைக்குக் காரணம் பெயர். "யேசுவை வளர்த்த சூசையப்பர் ஆர்? தச்சர். அப்ப எனக்கு வராதோ?" என்பார். அவர் செய்த முதல் ஸ்டூலில் உட்கார்ந்த பங்குச் சுவாமியார் எழும்பும்போது ஸ்டூலும் கூடவே எழும்பியது. வார்னிஷ் காயவில்லை. இருந்தும் ஷிப்ட் இல்லாத நாளெல்லாம் அவர் கராஜில்தான். அவருக்குக் கையாள் நான். பெரிய வேலை ஒன்றும் இல்லை, பலகையின் மற்ற முனையைப் பிடிப்பேன். நான் முனை பிடித்ததாலேயே பாழான பலகைகளும் உண்டு என்று அண்ணை சொல்வார். அதை நான் ஏற்றுக்கொண்டதில்லை.

அந்தக் கராஜின் குளிரை எப்படிச் சொல்வது! அரிசி மூட்டை, பழைய சூட்கேஸ்கள், மீன் நிரம்பிய பெரிய ஃபிரீசர், நடுவில் வேலை மேசை. ஃபிரீசரைத் திறந்தால் வெக்கை வருகிறது என்று நான் பகிடி விடுவேன். மரம் அரியும் வாளைப் பிடித்தால் கை வாளோடு ஒட்டும். கையுறை போட்டால் பென்சில் நிற்காது. ஒரு மண்ணெண்ணெய் ஹீட்டர் இருந்தது. அது மணத்தைத் தந்த அளவுக்குச் சூட்டைத் தரவில்லை. மரம் ஒட்டும் பசை குளிரில் இறுகிவிடும், ஒட்டவே ஒட்டாது. அதனால் பசைப் போத்தலை அண்ணை கமக்கட்டுக்குள் வைத்துக்கொண்டு திரிவார். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் அதைப் புட்டுக்குப் பக்கத்தில் சூடு ஆறாத பெட்டிக்குள் வைத்துவிட்டார். அன்று அவருடைய மனைவி ரீற்றா அக்கா இரண்டு பேருக்கும் சேர்த்தே பேசினார். "விசர் பிடிச்சதுகள்! புட்டை ஒட்டப் போறியளோ?"

கரம் பலகை எதற்கு என்று சொல்லவில்லை அல்லவா? அண்ணைக்கு மரியதாஸ் என்று ஒரு தம்பி, மனோர் பார்க்கில் குடும்பத்தோடு இருந்தார். ஒவ்வொரு நத்தாருக்கும், அதாவது கிறிஸ்மஸுக்கும், அவர்கள் இங்கே வருவார்கள். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் கரம் நடக்கும். அப்படி ஒரு நத்தாரில் கடைசிக் காய். தாஸ் குறி பார்த்து அடித்தார். காய் குழி வாசல் வரை போய், ஏதோ யோசித்ததுபோல் விலகிப் போனது. "அண்ணை, உன்ரை பலகை கோணல்" என்றார் தாஸ். அதோடு விட்டிருக்கலாம். அண்ணை எல்லார் முன்னாலும், "ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் எண்டாளாம்" என்று போட்டுவிட்டார். பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். தாஸ் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு போனவர்தான். பிறகு நத்தார்கள் வந்து போயின, தாஸ் வரவில்லை. நாட்டில் எவ்வளவோ பட்டு, ஒன்றாகக் கடல் கடந்து வந்த இரண்டு பேர் ஒரு மரக்காய்க்காகக் கதைக்காமல் விட்டார்கள். மனைவிமார் மட்டும் தினமும் போனில் பேசுவார்கள். ஆகவே தம்பி வீட்டில் அன்று என்ன கறி என்பது அண்ணைக்கு அத்துப்படி.

சில வருடம் கழித்து ஒரு கார்த்திகையில் அண்ணை கராஜுக்குள் புதுப் பிளைவூட் ஒன்றை இறக்கினார். "நேரான பலகை ஒண்டு செய்யப் போறன். அவன் வந்து பாத்திட்டு வாயை மூடட்டும்." வாயை மூடுவதைப் பற்றித்தான் சத்தமாகச் சொன்னார். ஆனால் அவருக்கு வேண்டியிருந்தது தம்பி வருவதுதான். எனக்கு அது அப்போதே விளங்கிவிட்டது.

பலகை வளர்ந்தது. நடு வட்டத்துக்கு ரீற்றா அக்காவின் சாப்பாட்டுக் கோப்பை, சின்ன வட்டங்களுக்கு அவருடைய காப்பு என்று வைத்துக் கீறினோம். குழிகளுக்குக் கீழே வலை வேண்டும். தோடம்பழம் வரும் சிவப்பு வலைப்பைகளை வெட்டித் தைத்தோம். அதற்காக நான் ஒரு மாதம் தோடம்பழம் தின்றேன். கடைசியில் அண்ணை நேர் பார்க்கும் நீர்மட்டக் கருவியைப் பலகையின் குறுக்கும் நெடுக்குமாக வைத்துப் பார்த்தார். குமிழி நடுவில் போய் அசையாமல் நின்றது. "தம்பி, நீ சாட்சி" என்றார். நான் கோர்ட்டில் நிற்பதுபோல், "ஓம் அண்ணை, நேர்" என்றேன். ரீற்றா அக்கா மனோர் பார்க்குக்குப் போன் போட்டார். பிள்ளைகளுக்காக வருகிறோம் என்று பதில் வந்தது.

இனித்தான் பிழை. நத்தாருக்கு முதல்நாள் அந்தப் பலகையைக் குளிருக்குள் விட்டுவிட்டுப் போக அண்ணைக்கு மனம் வரவில்லை. வீட்டுக்குள் கொண்டுபோய், ஹீட்டிங் பக்கத்தில் சோபாவில் சாய்த்து, வெள்ளை விரிப்பும் போர்த்தி, மாப்பிள்ளையைப் போல் வைத்தார். தம்பியின் கடைசிப் பிள்ளைக்குத் தடிமன், மூக்கு ஒழுகுகிறது என்று ஹீட்டிங்கை முழுதாகத் திருகிவிட்டார்கள். நத்தார் அன்று விடிந்ததிலிருந்து ரீற்றா அக்கா இருபது பேருக்கு இடியப்பம் அவித்தார். யன்னலெல்லாம் நீராவி வழிந்தது. ஒரு பக்கம் சூடு, ஒரு பக்கம் ஆவி. பிளைவூட் பாவம், என்ன செய்யும்?

தாஸ் வந்தார். கோட்டைக் கழற்றவில்லை. விரிப்பை விலக்கி மேசையில் வைத்ததும் பலகையின் ஒரு மூலை தாழ்ந்து, எதிர் மூலை அண்ணாந்து நின்றது. தாஸ் ஒரு காயை எடுத்து மெதுவாகத் தட்டினார். அது வில்போல வளைந்து தாழ்ந்த மூலைக்குப் போனது.

"கராஜுக்குள்ளை நேராத்தான் இருந்தது" என்றார் அண்ணை.

"கராஜிலை நேர், வீட்டிலை கோணலோ?"

"ஓம், நான் சாட்சி" என்றேன். என் சாட்சியை அங்கே ஒரு குருவியும் கேட்கவில்லை.

அண்ணை பலகையின் ஒரு முனையைத் தூக்கினார். "வா, காட்டுறன்." மற்ற முனைக்கு நான் கை நீட்ட முன்னரே தாஸ் அதைப் பிடித்துவிட்டார். குளிர்காலம் முழுக்க நான் பிடித்த முனை! கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது. பலகையைக் கராஜுக்குக் கொண்டுபோய் வேலை மேசையில் கிடத்தி, மேலே இரண்டு அரிசி மூட்டையை ஏற்றினார்கள். பிறகு அது நிமிரும்வரை காத்திருப்பது என்று முடிவானது. பண்டிகை உடுப்போடு மூன்று பேர் அந்தக் குளிரில் ஒரு பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். வாயைத் திறந்தால் புகைதான் வந்தது.

கொஞ்ச நேரத்தில் தாஸ் இருமினார். அண்ணை குனிந்து ஹீட்டரைத் தம்பியின் காலடிக்குத் தள்ளினார்.

"கிட்ட வைக்காதை அண்ணை, பலகை திருப்பி வளையும்."

"வளைஞ்சா வளையட்டும். நீ இருமுறாய்."

தாஸ் மறுபக்கம் திரும்பிக்கொண்டார். அழுதாரா என்று எனக்குத் தெரியாது. என் கண்ணிலும் தண்ணீர், அதற்கு நான் மண்ணெண்ணெய்ப் புகையைக் குற்றம் சொன்னேன். ரீற்றா அக்கா வந்து சாப்பிடக் கூப்பிட்டபோது இருவரும் பழைய கணக்கைத் தீர்ப்பதுபோல, எந்த மரம் வளையாது என்று உரத்துச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். சாப்பிட்டுவிட்டுக் கோட்டும் தொப்பியுமாகத் திரும்பி வந்து அங்கேயே விளையாடினோம். பலகை முக்கால்வாசி நிமிர்ந்திருந்தது. தாஸ்தான் வென்றார்.

பவுடர் மணம் விடாமல் துரத்தியதால் இந்தச் சனிக்கிழமை சூசை அண்ணையைப் பார்க்கப் போனேன். கராஜ் இப்போது இல்லை. அண்ணைக்குப் படி ஏற முடியாமல் போனதும் அதைச் சுவர் கட்டி, கம்பளம் விரித்து, ஹீட்டிங் பூட்டி அவருக்குப் படுக்கையறை ஆக்கிவிட்டார்கள். வேலை மேசை நின்ற இடத்தில் கட்டில். வாளும் மண்ணெண்ணெய் ஹீட்டரும் எப்போதோ போய்விட்டன. பலகை மட்டும் இருக்கிறது. குளிர்ந்த இடம் ஒன்றுகூட அந்த வீட்டில் மிஞ்சாததால் அது நிரந்தரமாகவே முறுகிப்போய்விட்டது.

தாஸ் சனிக்கிழமை தவறாமல் மனோர் பார்க்கிலிருந்து வருகிறார். பலகையைக் கட்டிலில் வைத்தார், பார்த்தார், ஒரு தரம் திருப்பினார், இன்னும் கொஞ்சம் திருப்பினார். தாழ்ந்த மூலை, அண்ணை அடிக்கும் பக்கத்துக்கு நேர் எதிரே போய் நின்றது. அண்ணைக்கு இப்போது கை நடுங்குகிறது. அவர் தட்டிய காய் பாதியில் களைத்து, பிறகு மெல்லச் சரிந்து அந்தக் குழிக்குள் விழுந்தது.

"பாத்தியோ!" என்று குதூகலித்தார் அண்ணை. அடுத்த கணமே சந்தேகம் வந்துவிட்டது. "தாஸ், பலகை நேர்தானே?"

"நேர்தான் அண்ணை. நீ அடி."

அண்ணை என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீ சொல்லு. நீதானே சாட்சி?"

தாஸ் என்னைப் பார்க்கவில்லை, பவுடர் தூவிக்கொண்டிருந்தார்.

"ஓம் அண்ணை, நேர்" என்றேன். கோணலைக் கோணல் என்று சொல்ல அந்த வீட்டில் இப்போது ஆள் இல்லை.