ஐப்பசியில் போட்ட தளம்

ஐப்பசி மாதத்தில் வீட்டுக்குக் கான்கிரீட் தளம் போட நினைப்பவர்களை எங்கள் தூத்துக்குடியில் கிறுக்கு என்பார்கள். நான் நினைத்தேன். வேறு வழியில்லை. துபாயில் வேலை பார்க்கும் என் கணவருக்கு லீவு சனிக்கிழமையோடு முடிகிறது. அஸ்திவாரம் தோண்டியதிலிருந்து சுவர் எழும்பியது வரை அவர் பார்த்ததெல்லாம் நான் போனில் அனுப்பிய போட்டோக்களில்தான். எதை அனுப்பினாலும் "நல்லாருக்கு" என்று ஒரே பதில் வரும். தளம் போடுவதையாவது நேரில் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம்.

திங்கட்கிழமை வெயில் மண்டையைப் பிளந்தது. பலகை அடித்துக் கம்பி கட்டி முடித்தார்கள். செவ்வாய்க்கிழமை கலவை மெஷின் வந்து இறங்கியது, பின்னாலேயே மழையும் வந்தது. புதன்கிழமை காலையில் வெயில், பத்து மணிக்கு இருட்டு, பன்னிரண்டு மணிக்கு மறுபடி வெயில், சாயங்காலம் மழை. வருஷம் முழுக்க ஒரு சொட்டுக்கு ஏங்க வைக்கிற வானம், நான் வீடு கட்டும்போது மட்டும் கொட்டித் தீர்க்கிறது. மழையைத் திட்டக் கூடாது என்பார்கள். நான் நன்றாகவே திட்டினேன்.

கொத்தனார் அண்ணாச்சி மேல் வேறு எனக்குச் சந்தேகம். விளாத்திகுளம் பக்கம் அவருக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. உளுந்து விதைத்துவிட்டு மழைக்குக் காத்திருந்தார்.

"நீங்க மழை வரணும்னு கும்பிடுதிய, அப்புறம் எங்க வானம் வெறிக்கும்?" என்று கேட்டே விட்டேன்.

"அங்கன பெய்யட்டும், இங்கன வெறிக்கட்டும்னுதாம்மா கும்பிடுதேன்," என்று சிரித்தார். "மழையில போட்டா சிமெண்டுப் பால் பூரா ஓடிரும். தளம் என்னத்துக்கு ஆவும்?"

வியாழக்கிழமையும் தூறல் விடவில்லை. கணவர் பெட்டியை அடுக்கிக்கொண்டே, "விடுளா, அங்க போயி போட்டோவுல பாத்துக்கிடுதேன்," என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அதை மறைக்க, சட்டையை மடிக்கத் தெரியவில்லை என்று அவரோடு சண்டை போட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. அண்ணாச்சி கடல் பக்கமாகவே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "போட்டுருவோம்," என்றார். ஏழு மணிக்கு மெஷின் ஓட ஆரம்பித்தது. கணவரும் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு சட்டி சுமந்தார். மூன்று மணிக்குக் கடைசிச் சட்டியைக் கொட்டும்போது கிழக்கே கறுத்துக்கொண்டு வந்தது. ஆளுக்கொரு மூலையாகத் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு நின்றோம். காற்று மட்டும் அடித்துவிட்டுப் போனது.

சனிக்கிழமை விடிந்ததும் விடியாததுமாகச் சடசடவென்று மழை. போச்சு, எல்லாம் போச்சு என்று குடைகூட எடுக்காமல் அடுத்த தெருவிலிருந்த புது வீட்டுக்கு ஓடினேன். பின்னாலேயே கணவரும் ஓடி வந்தார். அண்ணாச்சி எங்களுக்கு முன்னாலேயே தளத்தில் ஏறி நின்றிருந்தார். கட்டைவிரலால் அழுத்திக் காட்டினார். பதியவில்லை.

"நேத்து பெஞ்சிருந்தா சோலி முடிஞ்சிருக்கும். இனிமே பெய்யுதது நல்லது. தளம் இறுகணும்னா மேல தண்ணி நிக்கணும்லா? நம்ம போர்த் தண்ணி உப்பு. நல்ல தண்ணி லாரிக்குச் சொல்லணும்னு இருந்தேன், வானமே ஊத்துது. எங்க ஊர்லயும் பெய்யுதாம்!"

விமானம் மத்தியானம்தான். கணவர் கலவையைக் குழைத்து, தண்ணீர் வழிந்து ஓடாதபடி ஓரம் முழுக்கத் தன் கையாலேயே வரப்பு கட்டினார். மழை விட்டு வெயில் அடித்தபோது தளம் முழுக்கத் தண்ணீர் நின்றது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வழக்கம்போல மூலையில் நின்று போட்டோ எடுத்தேன். வழக்கம்போல அனுப்பியும் விட்டேன்.

பக்கத்தில் நின்ற அவருடைய சட்டைப் பையில் போன் கத்தியது. எடுத்துப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு சிமெண்டு ஒட்டிய விரலால் மெல்லத் தட்டினார்.

என் போனில் வந்து விழுந்தது: "நல்லாருக்கு."