வலது செட்டையில் இரண்டு இறகு

தலைமன்னார்க் கரையில் வலை விரித்துக் கருவாடு காயப்போட்டிருக்கிறார்கள். சுற்றிலும் கடற்காகங்கள். மணலில் நிற்கும்போது எனக்கு எல்லாம் ஒரே சாயல்தான். பறந்தால்தான் இறக்கை தெரியும்; கறுத்த நுனியில் வெள்ளைப் பொட்டு இருந்தால் பழுப்புத்தலை இனம், இல்லையென்றால் கருந்தலை. பைனாகுலரும் புத்தகமுமாக நான் மல்லுக்கட்டுவதை, கருவாட்டுக்குக் காவல் நிற்கும் செலின் அக்கா நெடுநேரமாகப் பார்க்கிறார். பிறகு கம்பை ஊன்றியபடி கிட்ட வருகிறார்.

"தம்பி, வலது செட்டையில ரெண்டு இறகு இல்லாத ஒண்டு நிக்குதோ?"

"ஏன் அக்கா?"

"என்ர தங்கச்சி ராமேஸ்வரத்தில. சண்டைக்குள்ள வள்ளத்தில போனவள், அங்கயே கலியாணம் கட்டிட்டாள். முந்தநாள் அது அவளின்ர வாசலில மீன்குடல் திண்டிட்டு இஞ்சாலப் பக்கம் பறந்ததாம். போனில சொன்னவள்."

எழும்பிப் பறக்கும் ஒவ்வொன்றின் வலது இறக்கையையும் பார்க்கிறேன். இல்லை.

"விழுந்த இறகு கெதியில முளைச்சிடும், அக்கா. பிறகு அடையாளம் பிடிக்கேலாது." சொன்ன பிறகுதான் சொல்லியிருக்க வேண்டாம் என்று தோன்றுகிறது.

"ஓம், தெரியும். அதுக்குள்ள ஒருக்காக் காணோணும்."

எங்களுக்குப் பின்னால் ஒரு கடற்காகம் வலையிலிருந்து கருவாட்டை இழுக்கிறது. நான் கையை ஓங்குகிறேன். அக்கா தடுக்கிறார்.

"விடுங்கோ தம்பி. முந்தநாளில இருந்து நான் ஒண்டையும் கலைக்கேல்லை."