முதல் அடுக்கின் பெட்டி

ஒரு வாரம் லீவு கேட்டபோது ஆபீஸில் எங்கே டூர் என்று கேட்டார்கள். கோவா, மணாலி என்று போட்டோ காட்டுகிற ஆட்கள். "எங்க ஊர்லதான். பழங்காலத்துப் பானை ஓடு கழுவப் போறேன்," என்றேன். கேட்டவர்கள் தங்கள் போட்டோவுக்கே திரும்பிவிட்டார்கள்.

வீட்டில் கணவர் விடவில்லை. "வூட்ல கழுவுற பாத்திரம் போதலயா உனக்கு? லீவு போட்டு வேற கழுவணுமா?"

"அங்க கழுவுனா நாலு விஷயம் கத்துக்கலாம். இங்க கழுவி இன்னாத்த கண்டேன்?" என்று கிளம்பிவிட்டேன்.

எங்கள் ஊரில், தங்கச் சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய கோரமண்டல் லைன் வீடுகளுக்குப் பின்னால் ஒரு அகழாய்வுக் குழு குழி தோண்டிக்கொண்டிருந்தது. தங்கச் சுரங்கம் வருவதற்கு வெகுகாலம் முன்பே இங்கே மனிதர்கள் வாழ்ந்திருக்கிறார்களாம். மூடிக்கிடந்த பள்ளிக்கூட அறை ஒன்றை ஆய்வுக்கூடமாக்கி, ஆர்வமுள்ளவர்கள் வந்து வேலை கற்றுக்கொள்ளலாம் என்று அறிவித்திருந்தார்கள். விடியுமுன் ரயிலேறி பெங்களூர் போய், இருட்டிய பிறகு திரும்புகிற எனக்கு, சொந்த ஊரைப் பகலில் பார்ப்பதே சுற்றுலாதான்.

ஆய்வுக்கூடத்தின் பொறுப்பாளர் என்னைவிடச் சின்னப் பெண். கன்னடத்தில்தான் பேசுவாள். முதல் நாள் நான் வீட்டுப் பழக்கத்தில் ஒரு ஓட்டின் கரியைத் தேய்க்கப் போனபோது கையைப் பிடித்துக்கொண்டாள். "கரி இருக்கட்டும் அக்கா. என்ன சமைச்சாங்கன்னு அதுதான் நமக்குச் சொல்லும்." கழுவி நிழலில் காயவைத்த ஓட்டின் உட்புறத்தில் நிறமில்லாத நெயில் பாலிஷ் ஒரு பூச்சு, அதன்மேல் கறுப்பு மையில் பொடி எழுத்தில் எண், அதன்மேல் இன்னொரு பூச்சு. இரண்டே நாளில் என் கை நடுங்காமல் எழுதியது. பெருமையாக இருந்தது.

குழியில் மண் அடுக்கடுக்காக இருக்கும். மேலிருந்து கீழாக எண் கொடுப்பார்கள். ஆனால் அலமாரியில் பெட்டிகள் 'இரண்டு' என்றுதான் தொடங்கின. வெள்ளிக்கிழமை, ஒன்று எங்கே என்று கேட்டேன். கதவோரம் கிடந்த சாக்கு மூட்டையைக் காட்டினாள். "அது சமீபத்துக் குப்பை அக்கா. ஞாயிற்றுக்கிழமை குழியை மூடும்போது உள்ளே கொட்டிடுவோம்."

பிரித்துப் பார்த்தேன். எனாமல் தட்டுத் துண்டுகள், கண்ணாடி வளையல்கள், ஊறுகாய் ஜாடியின் மூடி, துருப்பிடித்த கார்பைடு விளக்கு. வட ஆற்காட்டிலிருந்து வந்து, அப்படிப்பட்ட விளக்கோடு கேஜ் என்கிற இரும்புக்கூண்டில் ஏறி, தங்கம் வெட்டப் பூமிக்குள் இறங்கியவர்களின் பேத்தி நான்.

எனக்குக் கோபம் வந்தால் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் சேர்ந்து வரும். "கீழே இருக்கிறது மட்டும் என்ன? அதுவும் யாரோ உடைச்சு வீசினதுதானே? அவங்க குப்பைக்கு நம்பர், எங்க குப்பைக்குக் குழியா மேடம்?"

அவள் குனிந்து மூட்டைக்குள் பார்த்தாள். "நீங்க சொல்றது நியாயம்தான். ஆனா எனக்கு ஆள் இல்லை. ஞாயிறு சாயங்காலத்துக்குள்ள கழுவி, காயவச்சு, எண் எழுதி முடிச்சா பெட்டி தர்றேன். அரைகுறைன்னா எடுத்துக்க மாட்டேன்."

சனிக்கிழமை முழுக்க முதுகொடியக் கழுவியும் மூட்டையில் பாதிகூடக் குறையவில்லை. அழுகை வந்தது. அன்றிரவு எங்கள் பெங்களூர் ரயில் லேடீஸ் கம்பார்ட்மென்ட் வாட்ஸாப் குழுவில் பேசி அனுப்பினேன்: பழைய டூத்பிரஷ்ஷும் நிறமில்லாத நெயில் பாலிஷும் எடுத்துக்கொண்டு வாருங்கள்.

காலையில் வந்துவிட்டார்கள். ஊரிகத்துக்காரி, மாரிகுப்பத்துக்காரி, பங்காருபேட்டையிலிருந்து ஒருத்தி. "ரயில்ல சீட்டு புடிச்சிக் குடுத்ததுக்கு ஞாயித்துக்கிழமையவே கேக்குறியே, நல்லா இருப்பியா நீ?" என்று திட்டிக்கொண்டே பங்காருபேட்டைக்காரி வாளிக்கு முன்னால் உட்கார்ந்தாள். டீ கொண்டுவந்த என் கணவர் நீலக்கரை போட்ட எனாமல் துண்டு ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது எங்கம்மா சோறு போட்ட தட்டு மாரியே கீதே," என்றார். பிறகு அவரும் ஒரு பிரஷ்ஷை எடுத்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

சாயங்காலம் பொறுப்பாளர் பெண் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். எண் கலங்கியிருந்தவற்றைத் திருப்பிக் கொடுத்தாள். முகம் கோணாமல் அழித்து எழுதினோம். வெளியே குழியில் மண் தள்ளும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கடைசி வளையல் துண்டையும் வைத்த பிறகு, புதுப் பெட்டி ஒன்றையும் பேனாவையும் என்னிடம் நீட்டினாள்.

"நீங்களே எழுதுங்க அக்கா."

இடத்தையும் குழியையும் எழுதி, அடுக்கு என்ற இடத்தில் 'ஒன்று' என்று எழுதினேன். அவள் இரண்டாம் பெட்டியை நகர்த்திவிட்டு அதற்கு முன்னால் எங்கள் பெட்டியை வைத்தாள். இந்த மண்ணின் அடுக்குகளை எண்ண வருகிறவர் யாராக இருந்தாலும், இனி எங்களிடமிருந்துதான் தொடங்க வேண்டும்.